இரவல் வாயும் சொந்தக் கண்ணும்: அமெரிக்கத் தூதர்கள் செய்யும் வேலை என்ன?

சென்னையில் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில், காலை வெயில் ஏறும் முன்பே கையில் கோப்புடன் நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். "அமெரிக்க எம்பஸிக்குப் போகிறேன்" என்றுதான் அவர்களில் பலர் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். அது எம்பஸி அல்ல, துணைத் தூதரகம். விசா, கடவுச்சீட்டு, தம் நாட்டுக் குடிமக்களுக்கு உதவி ஆகியவற்றைக் கவனிக்க ஒரு நாடு வேறொரு நாட்டின் பெரிய ஊர்களில் வைத்திருக்கும் அலுவலகம் அது. தூதரகம் பெரும்பாலும் தலைநகரில்தான் இருக்கும். அமெரிக்காவுக்குப் புது டெல்லியில் இருக்கிறது. தூதரின் இருக்கையும் அங்கேதான். உங்கள் விசா விண்ணப்பம் அவர் மேசைக்குப் போவதில்லை.

இது சின்னக் குழப்பம்தான். பெரிய குழப்பம் வேறு. "அமெரிக்கத் தூதர் கவலை தெரிவித்தார்" என்று ஒரு செய்தி வந்ததும், கவலைப்பட இந்த மனிதர் யார் என்று தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் கொதிப்பார். தூதர் என்றாலே ஒற்றர்தானே என்று இன்னொருவர் சிரிப்பார். தூதர் தம் இஷ்டப்படி பேசுகிறார், தம் இஷ்டப்படி காய் நகர்த்துகிறார் என்ற எண்ணம் இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதைச் சில அமெரிக்கத் தூதர்களின் வாழ்க்கையைக் கொண்டே பார்க்கலாம்.

பெண் பார்க்கப் போகும் பெரியப்பா

ஒரு பையனுக்குப் பெண் தேடுகிறார்கள். முதல் நடையில் பையனின் அப்பா போவதில்லை, பெரியப்பாவை அனுப்புகிறார்கள். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது, "வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம்" என்று எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் புறப்படும் முன்பே முடிவாகியிருக்கும். அங்கே அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் பையன் வீட்டின் சொல். அந்தச் சம்பந்தம் அவருக்கே பிடிக்காமல் போகலாம். அதை அங்கே முகத்தில் காட்டக் கூடாது.

திரும்பி வந்த பிறகு நடப்பதுதான் முக்கியம். செருப்பைக் கழற்றுவதற்குள் வீடே அவரைச் சூழ்ந்துகொள்ளும். "முடிவெடுப்பது அந்த அம்மாதான், அவர் சும்மா தலையாட்டுகிறார். அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. சொந்த வீடு என்றார்கள், அதில் பங்குத் தகராறு இருக்கும் போலத் தெரிகிறது." இதைத் தெரிந்துகொள்ளத்தான் அவரை அனுப்பினார்கள்.

ஆக, அங்கே பேசிய வாய் இரவல். பார்த்த கண் அவருடையது. தூதருக்கும் இவ்வளவுதான். கூடவே இரண்டு வழக்கங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெண் வீட்டார் "பேச்சு நடக்கட்டும், ஆனால் அந்தப் பெரியப்பா மட்டும் வேண்டாம்" என்று சொல்லலாம். எவ்வளவு கோபம் வந்தாலும் வந்தவர் மேல் கை வைக்க மாட்டார்கள். நாடுகளுக்கு நடுவிலும் இவை இரண்டும் உண்டு, பின்னால் வருகின்றன.

பிரதமர் பெயர் தெரியாத தூதர்

அமெரிக்காவில் தூதரைத் தேர்ந்தெடுப்பவர் அதிபர். ஆனால் தேர்ந்தெடுத்தவுடன் ஆள் விமானம் ஏறிவிட முடியாது. எந்த நாட்டுக்கு அனுப்பப்போகிறார்களோ அந்த நாட்டிடம் "இவர் வரலாமா?" என்று ஓசைப்படாமல் கேட்கிறார்கள். அவர்கள் தரும் சம்மதத்துக்கு ஏற்பிசைவு என்று பெயர். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் அவரை நேரில் அழைத்துக் கேள்வி கேட்டு ஒப்புதல் தர வேண்டும். அதன்பின் அவர் போய் இறங்கி, தம் அதிபரின் கடிதத்தை அந்நாட்டுத் தலைவரிடம் நேரில் கொடுப்பார். அந்தக் கடிதம்தான் நற்சான்றுப் பத்திரம். அதைக் கொடுத்த பிறகே அவர் முழுத் தூதர்.

1957-இல் இலங்கைக்கான தூதராக மேக்ஸ்வெல் குளக் என்பவரை அதிபர் ஐசன்ஹோவர் முன்மொழிந்தார். குளக் ஒரு துணிக்கடைத் தொடரின் உரிமையாளர். ஆளுங்கட்சிக்குத் தாராளமாக நன்கொடை கொடுத்தவர். செனட் விசாரணையில் செனட்டர் ஃபுல்பிரைட் அவரிடம் எளிதான ஒரு கேள்வியைக் கேட்டார்: இலங்கையின் பிரதமர் யார்? குளக்குக்குப் பெயர் நினைவுக்கு வரவில்லை. எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க பதவிக்கு வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. தேர்வில் முதல் கேள்விக்கே திணறிய மாணவனைப் போன்ற அந்தக் காட்சி உலகப் பத்திரிகைகளில் சிரிப்பாய்ச் சிரித்தது. இருந்தும் செனட் ஒப்புதல் கொடுத்தது. குளக் கொழும்பில் ஓராண்டு சொச்சம் இருந்துவிட்டுத் திரும்பினார்.

நான்கே ஆண்டுகள் கழித்து, அதே கொழும்புக்கு வேறு விதமான ஒருவர் வந்தார்.

இரண்டு வாசல்கள்

பிரான்சிஸ் வில்லிஸ் அரசியல் அறிவியலில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் 1927-இல் தேர்வெழுதி அமெரிக்க வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். வெளியுறவுப் பணி என்பது நம் ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) போன்றது: தேர்வெழுதிச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, வாழ்நாள் முழுவதும் நாடு நாடாகப் பணியாற்றும் அதிகாரிகளின் அமைப்பு. 1924-இல் வந்த ரோஜர்ஸ் சட்டம்தான் இதற்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தது. அதற்கு முன் பெரும்பாலும் சொந்தப் பணம் உள்ளவர்களே இந்த வேலைக்கு வர முடிந்தது. சம்பளம் விருந்துச் செலவுக்கே காணாது.

அந்தப் பணியில் சேர்ந்த மூன்றாவது பெண் வில்லிஸ். கல்யாணம் செய்துகொண்டால் பெண் அதிகாரி வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அப்போதைய நடைமுறை. 1970-களின் தொடக்கத்தில்தான் அது ஒழிந்தது. வில்லிஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிலியில் தொடங்கி ஸ்டாக்ஹோம், பிரஸ்ஸல்ஸ், மாட்ரிட், லண்டன், ஹெல்சிங்கி என்று கால் நூற்றாண்டு ஓடியது. 1953-இல் சுவிட்சர்லாந்துக்குத் தூதரானார். கீழிருந்து உயர்ந்து தூதரான முதல் அமெரிக்கப் பெண் அவர்தான். அவர் போய் இறங்கிய சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமையே கிடையாது. அது வர 1971 ஆயிற்று. தூதராக ஒரு பெண்ணை அனுப்ப வாஷிங்டன் இந்த நாட்டையா தேர்ந்தெடுக்க வேண்டும்!

நார்வேக்குப் பிறகு 1961-இல் அவர் கொழும்பு வந்தபோது, குளக்குக்குப் பெயர் தெரியாதிருந்த அந்தப் பிரதமர் கொலையுண்டு, அவருடைய மனைவி சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமராக ஆட்சியில் இருந்தார். காலம் எளிதானதல்ல. இலங்கை அரசு அமெரிக்க எண்ணெய் நிறுவனங்களின் சொத்துகளைக் கையகப்படுத்தியிருந்தது. உரிய இழப்பீடு வரவில்லை என்று சொல்லி 1963 பிப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. இந்தக் கசப்பின் நடுவில் அமெரிக்காவின் முகமாகக் கொழும்பில் இருக்க வேண்டியவர் வில்லிஸ். 1964-இல் அங்கிருந்தே ஓய்வு பெற்றார்.

இந்த இருவரும் வந்த வாசல்கள் வேறு. வில்லிஸ் தொழில்முறைத் தூதர். குளக் அரசியல் நியமனத் தூதர். அதாவது, வெளியுறவுப் பணியில் இல்லாமல், அதிபரின் நம்பிக்கையாலோ நன்றிக்கடனாலோ பதவிக்கு வந்தவர். தேர்தல் நன்கொடை தூதர் நியமனத்துக்குக் காரணமாக இருக்கக் கூடாது என்று 1980-இல் இயற்றிய சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்ததோடு சரி. அதன் பிறகும் ஏறத்தாழ பத்தில் மூன்று தூதர் பதவிகள் இந்த வாசல் வழியாகவே நிரம்பி வந்திருக்கின்றன.

ஆனால் இரண்டாம் வாசலில் வருகிறவர்கள் எல்லாரும் குளக் அல்லர். 1961 முதல் 1963 வரை இந்தியாவில் தூதராக இருந்த ஜான் கென்னத் கால்பிரெய்த் ஹார்வர்டு பொருளாதாரப் பேராசிரியர், அதிபர் கென்னடியின் நண்பர். வெளியுறவுத் துறையைத் தாண்டி அதிபருக்கே நேரடியாகக் கடிதம் எழுதக் கூடியவர். எந்த நாட்டுக்கும் அப்படிப்பட்ட தூதர் கிடைப்பது லாபம். குழந்தை நட்சத்திரமாக உலகம் அறிந்த ஷெர்லி டெம்பிள் 1974-இல் கானாவுக்குத் தூதராகப் போனபோது பலர் கேலி செய்தார்கள். 1968-இல் சோவியத் டாங்குகள் பிராகாவுக்குள் நுழைந்த நாளில் ஒரு மாநாட்டு வேலையாக அங்கே இருந்து அதைக் கண்ணால் கண்டவர் அவர். 1989-இல் அதே நகரத்துக்குத் தூதராகத் திரும்பிவந்து, அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி கலைவதையும் பார்த்தார்.

இதுவரை: தூதர் அதிபரின் ஆள், ஆனால் இரண்டு நாடுகளின் சம்மதத்தோடு வருகிறவர். தேர்வெழுதியும் வரலாம், அதிபரின் தயவிலும் வரலாம். வந்த பிறகு செய்யும் வேலை ஒன்றுதான்.

வாய்: எவ்வளவு தூரம் இரவல்?

நம் பழைய உரைகாரர்கள் தூதரை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். தான் வகுத்துக் கூறுவான் ஒருவன். கூறியது கூறுவான் மற்றவன். முன்னவன் இடத்துக்கேற்பத் தானே யோசித்துப் பேசுகிறவன். பின்னவன் சொல்லி அனுப்பியதை அப்படியே சொல்கிறவன். அமெரிக்கத் தூதர்களின் வரலாற்றை இந்த இரண்டு சொற்களை வைத்தே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அமெரிக்கா சுதந்திரத்தை அறிவித்த 1776-ஆம் ஆண்டின் கடைசியில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். வயது 70. பாரிஸிலிருந்து ஒரு கேள்வியைக் கப்பலில் அனுப்பிப் பதில் பெற மாதக்கணக்கில் ஆகும். காத்திருந்தால் பிரிட்டனோடு நடந்துகொண்டிருந்த சுதந்திரப் போரே முடிந்துவிடும். ஆகவே அவர் வகுத்துக் கூறுவானாக இருந்தே தீர வேண்டும். 1778 பிப்ரவரியில் பிரான்சோடு நட்பு உடன்படிக்கை முடித்தார்கள். அந்தப் பணமும் படையும் இல்லாமல் அமெரிக்கா வென்றிருக்குமா என்பது சந்தேகம். 1782-இல் பிரிட்டனோடு சமாதானம் பேசும் நேரம் வந்தது. பிரான்சுக்குத் தெரியாமல் எதையும் செய்யக் கூடாது என்பது அமெரிக்கக் காங்கிரஸின் உத்தரவு. ஃபிராங்க்ளினும் அவரோடு இருந்த ஜான் ஆடம்ஸும் ஜான் ஜேயும் உத்தரவை ஒதுக்கி வைத்துவிட்டுத் தனியாகப் பேசி முதல்கட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் மனம் நொந்து கடிதம் எழுத, ஃபிராங்க்ளின் பணிவாக ஒரு பதில் எழுதினார். எழுதியது மட்டுமா? பிரான்சிடமிருந்து இன்னொரு கடனும் வாங்கிக் கொடுத்தார்.

தூதர் என்றால் ஒற்றர் என்பவர்களுக்கு ஒரு செய்தி. அந்தப் பாரிஸ் அலுவலகத்தில் உண்மையிலேயே ஓர் ஒற்றர் இருந்தார்: அமெரிக்கக் குழுவின் செயலாளர் எட்வர்ட் பான்கிராஃப்ட். உளவு சொன்னது பிரிட்டனுக்கு! அது வெளிவர நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

1866-இல் அட்லாண்டிக் கடலடியில் நிலையான தந்திக் கம்பி போடப்பட்டதும் நிலைமை மாறியது. கேள்வியும் பதிலும் அன்றாடம் போய்வரலாம் என்றான பிறகு, தூதர் மெல்ல மெல்லக் கூறியது கூறுவானாக மாறினார். இன்று எந்த முக்கியமான சந்திப்புக்கும் முன்னால், என்ன சொல்ல வேண்டும் என்பது தலைமையகத்திலிருந்து எழுத்தில் வருகிறது. இதற்கு அறிவுறுத்தல் என்று பெயர்.

அறிவுறுத்தலை மறந்துவிட்டுத் தூதரை எடைபோட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏப்ரல் கிளாஸ்பி ஓர் உதாரணம். அரபு நாடு ஒன்றுக்குத் தூதரான முதல் அமெரிக்கப் பெண். 1990 ஜூலை 25 அன்று ஈராக் அதிபர் சதாம் உசேன் அவரைத் திடீரென்று அழைத்தார். குவைத்துடனான எல்லைத் தகராறு போன்ற அரபு நாடுகளின் சச்சரவுகளில் அமெரிக்கா பக்கம் சேர்வதில்லை, அமைதியாகத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னார். அது வாஷிங்டனின் அப்போதைய நிலைப்பாடு. எட்டே நாளில் சதாமின் படை குவைத்துக்குள் புகுந்தது. படையெடுப்புக்குப் பச்சைக்கொடி காட்டியவர் என்ற பழி கிளாஸ்பியின் தலையில் விழுந்தது. அதன் பிறகு அவர் எந்த நாட்டுக்கும் தூதராகவில்லை. இன்னும் கடுமையாகப் பேசியிருக்கலாமே என்று வாதிடுவோர் உண்டு, நியாயமான வாதம்தான். ஆனால் கேள்வியை முதலில் கேட்க வேண்டியது வாஷிங்டனிடம். பெரியப்பா சொன்னது வீட்டில் சொல்லி அனுப்பியதைத்தானே?

கண்: மாஸ்கோவில் ஒரு காய்ச்சல்காரர்

தூதரகத்திலிருந்து தலைமையகத்துக்குப் போகும் அறிக்கைக்கு இன்றும் அங்கே கேபிள் என்றுதான் பெயர். தந்தி போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. யாரைச் சந்தித்தோம், என்ன சொன்னார்கள், அதை எப்படிப் புரிந்துகொள்வது என்று நாள்தோறும் எழுதி அனுப்புவதுதான் தூதரகத்தின் பெரும்பகுதி வேலை. விருந்தில் கையில் கோப்பையுடன் நிற்கும் படத்தைத்தான் நாம் பார்க்கிறோம். விருந்து முடிந்து போய் உட்கார்ந்து எழுதும் படத்தை யாரும் எடுப்பதில்லை.

இந்த வேலையில் எல்லாரையும் மிஞ்சிய பெயர் ஜார்ஜ் கென்னன். 1946 பிப்ரவரியில் மாஸ்கோவில் அவர் பொறுப்புத் தூதராக இருந்தார். தூதர் இல்லாத இடைவெளியில் தூதரகத்தை நடத்துகிறவருக்கு அந்தப் பெயர். காய்ச்சலும் சளியுமாகப் படுத்திருந்தார். போரில் தோழனாக இருந்த சோவியத் யூனியன் இப்போது ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று வாஷிங்டனிலிருந்து ஒரு கேள்வி வந்தது. ஆண்டுக்கணக்கில் எழுதியும் யாரும் காதில் வாங்காத எரிச்சல் கென்னனுக்கு. படுத்தபடியே ஐயாயிரம் சொற்களுக்கு மேல் பதில் சொல்லி எழுதவைத்து அனுப்பினார். சோவியத் தலைமையின் பகை நாம் செய்த எதனாலும் வந்ததல்ல, அவர்களின் ஆட்சி முறைக்கே அது தேவைப்படுகிறது. போர் வேண்டாம், உறுதியாக நின்றால் அவர்கள் பின்வாங்குவார்கள் என்பது அதன் சாரம். நீண்ட தந்தி என்று வரலாற்றில் பெயர் பெற்ற அந்த அறிக்கை வாஷிங்டனில் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. அடுத்த நாற்பது ஆண்டு அமெரிக்கக் கொள்கையின் விதை அதில் இருந்தது. அந்தக் கொள்கை பின்னாளில் ராணுவமயமாகிப்போனதைக் கென்னனே குறை சொல்லிக்கொண்டிருந்தார் என்பது தனிக்கதை.

அதே கென்னன் 1952-இல் தூதராகவே மாஸ்கோ போனார். போன இடத்தில் எந்த நேரமும் காவல், யாரோடும் பேச முடியாது. செப்டம்பரில் பெர்லின் விமான நிலையத்தில் இறங்கியபோது ஒரு நிருபர் மாஸ்கோ வாழ்க்கை எப்படி என்று கேட்டார். போர்க்காலத்தில் நாஜி ஜெர்மனியில் தாம் அடைத்து வைக்கப்பட்டிருந்ததோடு ஒப்பிட்டுப் பதில் சொல்லிவிட்டார். உண்மையாகவே 1941 டிசம்பரிலிருந்து சில மாதங்கள் அவரை அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். பட்டவர் பேச்சு அது. ஆனாலும் சோவியத் நாட்டை நாஜிகளோடு ஒப்பிடுவதா? அக்டோபரில் அவரை விரும்பத்தகாத நபர் என்று அறிவித்தார்கள். ஐந்து மாதம்கூடத் தூதராக இருக்கவில்லை. அவருடைய கண்ணை மெச்சிய நாடு, ஒரே ஒரு முறை வாயைச் சொந்தமாகப் பயன்படுத்தியதற்கு அவரை இழந்தது.

விரும்பத்தகாத நபர் என்பதுதான் "அந்தப் பெரியப்பா மட்டும் வேண்டாம்". அப்படி அறிவிக்கப்பட்டவரை அவர் நாடு திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது. ஏனென்றால் தூதரைக் கைது செய்யவோ வழக்குத் தொடரவோ கூடாது. இது தூதரகப் பாதுகாப்புரிமை. வழக்கமாக இருந்த இவற்றை 1961-இல் வியன்னா உடன்படிக்கை எழுத்தில் கொண்டுவந்தது. தூதரகக் கட்டடம் அந்நிய நாட்டு மண் என்று பலர் நினைக்கிறார்கள். மண் இருக்கும் நாட்டுடையதுதான். அனுமதியில்லாமல் உள்ளே நுழையக் கூடாது, அவ்வளவே. 1979 நவம்பரில் ஈரான் தலைநகர் டெஹ்ரானின் அமெரிக்கத் தூதரகத்தில் இந்த விதி உடைந்தது. பிடிபட்ட அமெரிக்கர்களில் 52 பேர் 444 நாட்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். அப்போது அங்கே பொறுப்புத் தூதராக இருந்த புரூஸ் லெயிங்கன் அன்று காலை ஈரான் வெளியுறவு அமைச்சகத்துக்குப் பேசப் போயிருந்தார். போன இடத்திலேயே சிறைப்பட்டார்.

இங்கே ஒரு நிமிடம் நின்று பார்த்தால்: தூதரின் பேச்சு அறிவுறுத்தலுக்குக் கட்டுப்பட்டது, எழுத்து அப்படியல்ல. ஊருக்குள் வாய் தவறினால் திருப்பி அனுப்புவார்கள். வீட்டுக்கு எழுதுவதில் தவறு நேராமல், உண்மையையே எழுதியும் வீட்டார் கேட்காவிட்டால்?

டாக்காவிலிருந்து போன தந்தி

ஆர்ச்சர் பிளட் தூதர்கூட அல்லர். 1971-இல், அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானின் தலைநகரான டாக்காவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் தலைவர். மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் நகரத்துக்குள் இறங்கி மாணவர்களையும் பேராசிரியர்களையும் இந்துக்களையும் கொல்லத் தொடங்கியது. பிளட் பார்த்ததை எழுதினார். "தேர்ந்தெடுத்த இனப்படுகொலை" என்று மூன்றாம் நாளே ஒரு கேபிளுக்குத் தலைப்பிட்டு அனுப்பினார். வாஷிங்டன் வாய் திறக்கவில்லை. அதிபர் நிக்சனும் அவருடைய ஆலோசகர் கிஸ்ஸிங்கரும் பாகிஸ்தான் அதிபர் யாஹியா கான் வழியாகச் சீனாவோடு ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதவு மூடிவிடக் கூடாது என்பதே அவர்களின் கவலை. டாக்காவில் இருந்தவர்களுக்கு இது தெரியாது.

ஏப்ரல் 6 அன்று டாக்காவில் பணியாற்றிய 20 அமெரிக்கர்கள் தங்கள் அரசின் மௌனத்தைக் கண்டித்துக் கையெழுத்திட்ட கேபிள் ஒன்று போனது. பிளட் தாமும் அதை ஆதரிப்பதாகக் கீழே எழுதி அனுப்பினார். அரசின் கொள்கையை ஏற்காத அதிகாரி அதை உள்ளுக்குள்ளேயே எழுத்தில் சொல்ல அப்போதுதான் வழி செய்திருந்தார்கள். மறுப்பு வழி என்று அதற்குப் பெயர். வழியைத் திறந்து வைத்தவர்களுக்கே அதில் இப்படி ஒன்று வந்து விழும் என்று தோன்றியிருக்காது.

பிளட் பத்திரிகையாளர்களைக் கூட்டவில்லை, பதவியை வீசிவிட்டுப் போகவில்லை. டாக்கா அதிகாரிகளிடம் பேசும்போது வாஷிங்டனின் வாயாகவே நின்றார். கண் கண்டதை மட்டும் வீட்டுக்கு எழுதினார். சில வாரங்களில் அவரை டாக்காவிலிருந்து எடுத்துவிட்டு வாஷிங்டனில் ஊழியர் நிர்வாக வேலை ஒன்றில் உட்கார வைத்தார்கள். பின்னாளில் டெல்லித் தூதரகத்தில் பொறுப்புத் தூதராகச் சிறிது காலம் இருந்தார். எந்த நாட்டுக்கும் முழுத் தூதராக ஒருபோதும் நியமிக்கப்படவில்லை.

2004-இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு டாக்காவின் அமெரிக்க நூலகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர் அன்று அனுப்பிய கேபிள்களின் மேலிருந்த ரகசிய முத்திரை இன்று இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.